நேராய் நின்ற தண்ணீர்

“அக்கா, இது என்ன?”

“தண்ணி.”

“இதுவா?”

“சிவப்பு ஒண்ணு, வெள்ளை ரெண்டு. நீதானே சொன்னே? கையில வெச்சுக்கிட்டே என்னன்னு கேக்கிறியே.”

சின்னவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நடுவில் சிவப்பு மர உருண்டை. அதன் இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி, குச்சிகளின் முனையில் ஒவ்வொரு வெள்ளை உருண்டை. மூன்றும் ஒரே கோட்டில், மருந்து குடிக்க நிறுத்திவைத்த பிள்ளைகளைப் போல விறைத்துக்கொண்டு நின்றன.

“இது தண்ணி இல்லக்கா.”

“பின்னே என்ன, மண்ணெண்ணெயா?”

“மெஷினை நிறுத்துங்க.”

“கையில வேலை இருக்கு. நீ சொல்லு, காது சும்மாதான் இருக்கு.”

“நிறுத்துங்கன்னா நிறுத்துங்கக்கா.”

பெரியவள் டிரில்லிங் மெஷினை நிறுத்தினாள். நெற்றியில் ஒட்டியிருந்த மரத்தூளைப் புறங்கையால் துடைத்தாள். அவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவருக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட இந்தப் பட்டறைதான் குடும்பத்துக்குச் சோறு போடுவது. இழுப்பறைகளுக்கு வைக்கும் மரக் குமிழும், திரைச்சீலைகளில் கோத்துத் தொங்கவிடும் மர மணியும் இத்தனை வருஷமாக இங்கேயிருந்து போய்க்கொண்டிருந்தன. அண்ணனான பெரியவர் மரத்தைக் கடைந்து உருட்டுவார். அவர் பெண்டாட்டி துளை போடுவாள். தம்பி பஸ் ஓட்டப் போய்விட்டான்.

தம்பி பெண்டாட்டிதான் இதற்குள் வேதியியலைக் கொண்டுவந்தவள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, “அத்தான், இதே உருண்டை, இதே துளை. மணிக்குப் பதிலா மூலக்கூறு மாதிரிகள் செய்யலாம். பள்ளிக்கூடமெல்லாம் வாங்கும்” என்றாள். பெரியவர் இரண்டு நாள் தாடையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: “ஒரு தடவை பாப்போம். வாங்கிட்டாங்கன்னா உன் பேச்சு. வேண்டாம்னுட்டாங்கன்னா மெஷின் மறுபடியும் மணிக்கு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

அந்த ஒரு தடவை இன்றைக்கு. பள்ளிகளுக்குக் கருவிகள் வாங்கும் குழுவின் தலைவி சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முன்னாளில் வேதியியல் டீச்சராக இருந்தவர், அதனால் எல்லாருக்கும் டீச்சரம்மா. பெட்டிகள் சுவர் ஓரமாக அடுக்கித் தயாராக இருந்தன. பெரியவள் இன்னும் கொஞ்சம் உருண்டைகள் உபரியாக இருக்கட்டும் என்று துளைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் இன்னொரு பெட்டியைத் திறந்தாள். சிவப்பு உருண்டையை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை வழியாகப் பார்த்தாள். துளைக்குள் பெரியவளின் மூக்குத்தி தெரிந்தது.

“இதுவும் நேரா இருக்கு. எல்லாமே நேரா போட்டிருக்கீங்களா?”

“எல்லாமேதான். ஒரே இழுப்பு. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய. என்ன அழகா வந்திருக்கு பாரு, ஒரு சிலாம்பு இல்ல.”

“ஐயோ அக்கா.”

“என்னடி ஐயோ? நீதானே சிவப்புக்கு ரெண்டு துளைன்னே? எண்ணிப் பாரு. மூணு இருந்தா என்னைக் கேளு.”

“ரெண்டு துளைதான். ஆனா வளைஞ்சு இருக்கணும். ரெண்டு வெள்ளையும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கணும்.”

“அதை எப்ப சொன்னே?”

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை. கார்பனுக்காக நான்கு துளை போடும் கறுப்பு உருண்டைக்கும் நைட்ரஜனுக்காக மூன்று துளை போடும் நீலத்துக்கும் கோணம் தவறிவிடுமோ என்று பயந்து, உருண்டையைப் பிடித்துக்கொள்ளும் அச்சுக்கட்டைகளைத் தானே உட்கார்ந்து செய்துகொடுத்திருந்தாள். அவற்றைப் பெட்டிக்குப் பெட்டி சரிபார்த்தும் இருந்தாள். இரண்டு துளையில் யார் என்ன தப்பு செய்துவிட முடியும் என்று சிவப்பை அப்படியே விட்டுவிட்டாள். ஆனால் பெரியவளின் கைக்கு இரண்டு துளை என்றால் மணி. மணி என்றால் நூல் போகும் வழி. வலது கை பிடியை இறக்குவதற்குள் இடது கை உருண்டையை நேராக நிறுத்திவிடும்.

“சொல்லலை” என்றாள் சின்னவள். “அது என் தப்பு.”

“சரி, விடு. சொல்லலைன்னா சொல்லலை. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? நேரா இருந்தா என்ன, வளைஞ்சு இருந்தா என்ன? சிவப்பு சிவப்புதான், வெள்ளை வெள்ளைதான். ஆளுங்க அதே ஆளுங்க. உக்காந்த இடம் மாறினா ஊரே மாறிடுமா?”

“மாறிடும்.”

“எப்படி?”

சின்னவள் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மடியில் மரத்தூள் விழுந்ததைத் தட்டவும் இல்லை.

“இந்தக் குச்சி இருக்கில்ல, இது நெஜத்துல குச்சி இல்ல. எலக்ட்ரான். அதை ஒரு போர்வைன்னு வெச்சுக்கோங்க. சிவப்பு ஆக்ஸிஜனும் வெள்ளை ஹைட்ரஜனும் ஒரே போர்வைக்குள்ள படுத்திருக்காங்க. இந்தச் சிவப்பு இருக்கே, அது போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கும்.”

“உங்க அத்தான் மாதிரின்னு சொல்லு.”

“நான் சொல்லலை.”

“நான் சொல்றேன். படுக்கும்போது பாதி பாதி. விடிஞ்சு பாத்தா மொத்தமும் அந்த மனுஷன் மேல. கேட்டா தூக்கத்துல தெரியலையாம்.”

“அதேதான். இங்க சிவப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வெள்ளை. ரெண்டு பேர் போர்வையையும் அது இழுத்துக்குது. அப்ப வெள்ளைக்கு?”

“கால் வெளியே.”

“கால் வெளியே! எலக்ட்ரான் சேர்ந்த இடம் மைனஸ். கால் வெளியே தெரியற இடம் பிளஸ். இப்ப நீங்க செஞ்சதைப் பாருங்க. இந்தக் கோடியில ஒரு கால் வெளியே. அந்தக் கோடியில ஒரு கால் வெளியே. நடுவுல போர்வை மூட்டை. இந்தப் பக்கம் நின்னு பாத்தா என்ன தெரியுது?”

“கால்.”

“அந்தப் பக்கம்?”

“அங்கயும் கால்தான்.”

“அப்ப இதுக்கு முகம் எது, முதுகு எது?”

பெரியவள் உருண்டைகளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். “ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு.”

“இப்ப ரெண்டு வெள்ளையையும் ஒரே பக்கமா சாய்ச்சிடறோம். கால் ரெண்டும் இந்தப் பக்கம். போர்வை அந்தப் பக்கம். கால் பக்கம் முகம் வந்துடுச்சு, போர்வைப் பக்கம் முதுகு வந்துடுச்சு. தண்ணியோட மொத்த சமாச்சாரமும் இதுலதான் இருக்கு. உப்பை எடுத்துக்கோங்க. அதுல பிளஸ் ஆளு ஒருத்தன், மைனஸ் ஆளு ஒருத்தன். கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. தண்ணி கூட்டமா போய், பிளஸ்காரனைச் சுத்தி முதுகைக் காட்டி நிக்கும், மைனஸ்காரனைச் சுத்தி முகத்தைக் காட்டி நிக்கும். அப்படியே ரெண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கமா கூட்டிட்டுப் போயிடும்.”

“ரெண்டு பேர் நல்லா இருந்தா பொறுக்காது போலிருக்கே உங்க தண்ணிக்கு.”

“குடும்பத்தைப் பிரிக்கறதுல கெட்டிக்காரி. ஆனா முகம் இருந்தாத்தான் அது முடியும். நீங்க செஞ்ச தண்ணியில உப்பைப் போட்டா, எந்தப் பக்கம் திரும்பறதுன்னே அதுக்குத் தெரியாது. உப்பு கரையாது. அதைவிட, தண்ணி தண்ணியோடயே சரியா ஒட்டாது. குழாயைத் திறந்தா ஒழுகாது, ஆவியாப் பறந்து போயிருக்கும்.”

பெரியவள் கையிலிருந்த மாதிரியைப் பார்த்தாள், சுவர் ஓரத்துப் பெட்டிகளைப் பார்த்தாள்.

“இத்தனை கதை இருக்கில்ல இதுக்குள்ள? இதை ஏண்டி முதல்லயே சொல்லலை? ரெண்டு துளைன்னு மொட்டையா சொன்னா எனக்கு மணிதானே தோணும்?”

“சரிக்கா. இப்ப என்ன செய்யலாம்?”

“என்ன செய்யலாம்னு கேக்கிறவ முக்காலியை விட்டு எந்திரி. அந்தத் துண்டுக் கட்டையை எடு. எவ்வளவு வளைவு வேணும்?”

“கதவுச் சட்டத்து மூலை இருக்கில்ல, அதைவிடக் கொஞ்சம் அகலம்.”

“கொஞ்சம்னா?”

சின்னவள் காகிதத்தில் கோணமானியை வைத்துக் கோடு போட்டுக் காட்டினாள். பெரியவள் அதைக் கட்டையின் மேல் ஒற்றி, அறுத்து, உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து ஒரு சரிவான ஆப்பு செய்தாள். துளையிடாத உருண்டை ஒன்றை எடுத்து மையம்வரை மட்டும் துளைத்தாள். அந்தத் துளையில் குச்சியைச் செருகி, குச்சி ஆப்பின் சரிவில் சாய்ந்து படுக்கும்படி உருண்டையைத் திருப்பி வைத்து, மேலிருந்து இரண்டாவது துளையை இறக்கினாள். வெள்ளை இரண்டையும் மாட்டியதும் தண்ணீர் கையில் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் முன்னால் விரித்துக்கொண்டு யாரையோ வா என்று கூப்பிடுவது போல இருந்தது.

“இதுவா?”

“இதேதான்!”

“இது ஒண்ணு ஆச்சு. மிச்சத்துக்கு? போட்டதை எல்லாம் அடைச்சு, பசை காஞ்சு, மறுபடி துளைச்சு...”

வாசல்பக்கம் பெரியவரின் குரல் கேட்டது. வழக்கத்தைவிட மரியாதையாக இருந்தது. “வாங்கம்மா, வாங்க. பாத்து வாங்க, படி கொஞ்சம் உசரம்.”

ஓரகத்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாப்பாட்டுக்கு அப்புறம்னுதானே சொன்னாங்க?”

“அவங்க சீக்கிரம் சாப்பிட்டிருப்பாங்க.”

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்ததும் பெண்டாட்டியின் முகத்தைப் படித்துவிட்டார். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த பழக்கம். டீச்சரம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவகாசத்தில் கிசுகிசுத்தார். “என்ன ஆச்சு?”

“சிவப்பு எல்லாம் தப்பு” என்றாள் சின்னவள்.

“எல்லாமா?”

“இது ஒண்ணு மட்டும் சரி.”

“அப்ப இந்த ஒண்ணைக் காட்டு. மத்ததைப் பத்தி மூச்சு விடாதே. அப்புறமா சரி பண்ணி அனுப்பிடலாம்.”

அவர் நல்ல தண்ணீரை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெட்டியில் வைத்து, மூடியைத் தட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பினார்.

டீச்சரம்மா குட்டையான ஆள். கையில் குடை, தோளில் பை. உள்ளே வந்ததும் மரவாசனையை மூக்கு நிறைய இழுத்தார். “நல்லா இருக்கே. பிளாஸ்டிக் நாத்தம் இல்லாம ஒரு இடம்.”

“இந்தப் பெட்டியைப் பாருங்கம்மா” என்று பெரியவர் மேல்பெட்டியை நீட்டினார்.

“அது இருக்கட்டும். மேல இருக்கிறது கல்யாணத்துக்குப் போட்டுக்கிற சட்டை. நான் வீட்டுல போட்டுக்கிற சட்டையைப் பாக்கணும்.” குடையின் முனையால் அடுக்கின் அடியைத் தொட்டார். “அந்தக் கடைசிப் பெட்டியை உருவுங்க.”

பெரியவர் உருவினார். வேறு வழியில்லை.

டீச்சரம்மா மேஜை முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்தார். கறுப்பு நாலு துளை. திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். நீலம் மூன்று துளை. அதை மேஜையில் வைத்தார், முக்காலி போல ஆடாமல் நின்றது. “பேஷ்” என்றார். பிறகு சிவப்பு. இரண்டு வெள்ளையையும் மாட்டினார். மாட்டிவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“அது வந்துங்கம்மா” என்று பெரியவர் முந்திக்கொண்டார். “அந்த ஒண்ணு எப்படியோ அப்படி ஆயிடுச்சு. கை தவறி...”

“ஒண்ணு இல்லைங்கம்மா” என்றாள் சின்னவள். “எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான். மேல் பெட்டியில மட்டும் சரியா இருக்கு. அதுவும் இப்பதான் செஞ்சோம்.”

பெரியவர் இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். “உங்களுக்குத் தப்புன்னு தெரியுது. சரி. நீங்க படிச்சிருக்கீங்க. நான் இதுக்கு முன்னாடி ஓர் இடத்துல வாங்கினேன். காட்டினது எல்லாம் தங்கம். அனுப்பினது எல்லாம் குப்பை. ஏன்னு போய்ப் பாத்தா, சொல்றவர் ஒருத்தர், செய்யறவங்க வேற. எதுக்குச் செய்யறோம்னே அவங்களுக்குத் தெரியாது. அன்னையிலேர்ந்து நான் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். செய்யற கையைக் கேப்பேன். இங்க துளை போடறது யாரு?”

“நான்” என்றாள் பெரியவள்.

“சொல்லுங்க. நேரா இருந்தா என்ன தப்பு?”

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். போர்வைக் கதையைக் கேட்டு இன்னும் டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பெரியவர் கூரையைப் பார்த்தார். மர மணி வாங்கும் மணிக்காரருக்குச் சொல்லவேண்டிய பதிலை இப்போதே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பவர்போல அவர் உதடு அசைந்தது.

பெரியவள் பதற்றப்படவில்லை. “சொல்றதைவிடக் காட்டறேன்” என்றாள். மூலையில் மரப்பெட்டிகளை நகர்த்த வைத்திருந்த சக்கரப் பலகையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினாள். “ஏங்க, இதுல ஏறி உக்காருங்க.”

“நானா?”

“நீங்கதான். நடுவுல மாட்டிக்கிற உருண்டை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க உத்தியோகமே அதானே?”

“அம்மா முன்னாடி என்ன இது...”

“உக்காருங்க” என்றார் டீச்சரம்மா.

பெரியவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பெரியவள் மூட்டை கட்டும் கயிற்றை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சின்னவளிடம் கொடுத்தாள்.

“நீ அந்தக் கடைசிக்குப் போ. நான் இந்தக் கடைசி. இழுடி. நல்லா இழு, அத்தான்னு பாக்காதே.”

இருவரும் எதிரெதிராக இழுத்தார்கள். கயிறு விறைத்தது. பலகை நகரவில்லை.

“நகர்ந்தீங்களா?”

“எங்க நகர்றது? வயிறுதான் நசுங்குது!”

“அப்ப நாங்க இழுக்கலைன்னு சொல்றீங்களா?”

“இழுக்கிறீங்க! நல்லாவே இழுக்கிறீங்க! விட்டா போதும்!”

“பாத்தீங்களாம்மா? இழுவை இருக்கு. ரெண்டு பக்கமும் குறையில்லாம இருக்கு. ஆனா போக்கு இல்ல. ஒண்ணு செஞ்சதை இன்னொண்ணு அழிச்சிடுது. இப்பப் பாருங்க. சின்னவளே, நீ ஜன்னல்கிட்ட வா. நான் கதவுகிட்ட நிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே பக்கமா, கொஞ்சம் விலகி. அதே பலம், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இழு.”

பலகை பாய்ந்தது. அவள் பக்கமும் போகாமல், இவள் பக்கமும் போகாமல், இரண்டுக்கும் நடுவே நேராக உருண்டுபோய் மரத்தூள் மூட்டையில் மோதி நின்றது. பெரியவரின் தலைமேல் தூள் மெல்ல இறங்கியது.

“ஆளும் அதே ஆளு, கயிறும் அதே கயிறு” என்றாள் பெரியவள். மூச்சு வாங்கியது. “நின்ன இடம்தான் மாறிச்சு. தண்ணி வளைஞ்சு இருக்கிறதால அதுக்கு ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். முகம், முதுகு. நேரா இருந்தா ரெண்டும் கிடையாது. அந்தத் தண்ணியில உப்பைப் போட்டா அடியில உக்காந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்.”

டீச்சரம்மா சட்டென்று விடவில்லை. “இவ்வளவு தெரிஞ்சவங்க ஏன் நேரா போட்டீங்க?”

“போடும்போது தெரியாது. மணி போட்ட கை. இப்பதான் தெரியும்.”

“எப்ப தெரிஞ்சது?”

“நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

டீச்சரம்மா சிரித்துவிட்டார். குடை மடியிலிருந்து கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொடுக்க எழப்போன பெரியவரை இடுப்புக் கயிறு இழுத்து மறுபடி உட்கார வைத்தது.

“சரி” என்று சிரிப்பை முடித்தார் டீச்சரம்மா. “பாடம் நல்லா இருந்தது. ஆனா எனக்குப் பெட்டி வேணுமே. இத்தனை சிவப்பை என்ன செய்யப் போறீங்க?”

சின்னவள் இதற்குக் காத்திருந்தவள்போல் முன்னால் வந்தாள். “பெட்டிக்குள்ள ரெண்டும் இருக்கட்டுமேம்மா. நெஜத் தண்ணி ஒண்ணு, இந்த நேர்த் தண்ணி ஒண்ணு. இப்படி இருந்திருந்தா என்ன ஆகும்னு ஒரு தாள்ல எழுதி...”

“கூடாது.”

“ஏம்மா?”

“முதல் வாரமே தாள் தொலைஞ்சு போகும். உருண்டை தொலையாது. அடுத்த வருஷப் பசங்க அதைக் கோத்து, இதுதான் தண்ணின்னு பரீட்சையில வரைஞ்சு வெப்பாங்க. இல்லாத ஒண்ணைக் கையில குடுத்துட்டு இது இல்லைன்னு சொல்ல நான் ஒவ்வொரு பள்ளிக்கூடமா போக முடியாது. பெட்டியில இருக்கிறது எல்லாம் உலகத்துல இருக்கணும்.”

அதில் நியாயம் இருந்தது. சின்னவள் ஒரு சிவப்பு உருண்டையை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள் பெரியவள், கயிற்றைச் சுருட்டியபடி. “உங்க வேதியியல்ல நேர்த் துளைக்காரன் ஒருத்தன்கூட இல்லையா? எல்லாருமே வளைஞ்சுதான் நிக்கிறாங்களா?”

சின்னவளின் விரல்கள் நின்றன.

“இருக்கான்.”

“யாரு?”

“கார்பன் டை ஆக்ஸைடு. நாம வெளிய விடற மூச்சு. நடுவுல கறுப்பு, ரெண்டு பக்கமும் சிவப்பு. சுத்தமான நேர்க்கோடு. சிவப்பு ரெண்டும் நடுவுல இருக்கிற கறுப்பைப் பிடிச்சு இழுக்கும். நீங்க இப்ப முதல்ல காட்டினீங்களே, அதேதான்க்கா! இழுவை இருக்கு, போக்கு இல்ல. அதனாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம காத்தா அலையுது.” டீச்சரம்மாவின் பக்கம் திரும்பினாள். குரலில் இப்போது கெஞ்சல் கொஞ்சமும் இல்லை. “இந்தச் சிவப்புக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடிச்சிடறோம். தண்ணிக்குப் புதுசா துளை போடறோம், ஆப்பு தயாரா இருக்கு. பெட்டியில வளைஞ்சதும் இருக்கும், நேரானதும் இருக்கும். ரெண்டும் உலகத்துல இருக்கிறது.”

“ரெட்டைப் பிணைப்பை எப்படிக் காட்டுவீங்க?”

“குச்சியோட நடுவுல நீளமா ஒரு கீறல். ஒண்ணு ரெண்டாத் தெரியும்.”

டீச்சரம்மா நேர்த் துளையிட்ட உருண்டையைக் கண்ணருகே கொண்டுபோய்த் துளை வழியாக ஜன்னலைப் பார்த்தார். “இப்ப எங்ககிட்ட இருக்கிற பெட்டியில நாலு துளைக் கறுப்புதான். ரப்பர் குச்சியை வளைச்சு வளைச்சு மாட்டணும். பசங்க செய்யற கார்பன் டை ஆக்ஸைடைப் பாத்தா கூனிப் போன கிழவன் மாதிரி இருக்கும். அதைக் காட்டிட்டு, இது நேர்க்கோடு, இதுக்குப் பிளஸ் பக்கம் மைனஸ் பக்கம்கிற முனைவுத்தன்மை கிடையாதுன்னு சொன்னா, எந்தப் பையன் நம்புவான்? இருபது வருஷம் கையாலயே காத்துல கோடு போட்டுக் காட்டினேன்.”

“இனிமே போட வேண்டாம்” என்றாள் பெரியவள்.

“துளை நல்லா சுத்தமா இருக்கு. ஒரு சிலாம்பு இல்ல.”

“அதைத்தான் நானும் அப்பவே சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கலை.”

டீச்சரம்மா எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “எடுத்துக்கிறேன். எல்லாப் பள்ளிக்கும். ஆனா ரெண்டு விஷயம். பெயின்ட் காஞ்சதும் சொல்லி அனுப்புங்க, வந்து மறுபடியும் அடிப்பெட்டியை உருவுவேன். இன்னொண்ணு, மூணு துளையில உங்ககிட்ட முக்காலி மட்டும்தான் இருக்கு. தட்டையா ஒரு மூணு துளை வேணும். போரான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் வகுப்பு நடத்த முடியும். செய்வீங்களா?”

“செய்வோம்” என்று ஓரகத்திகள் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெரியவர் தலையிலிருந்த தூளோடு அவரை வாசல்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பினார். கொஞ்ச நேரம் பட்டறை நடுவில் நின்றார். சின்னவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி சின்னவளைப் பார்த்தார்.

“எல்லாப் பெட்டியும் தப்புன்னு போட்டு உடைச்சியே, எனக்கு உயிரே போயிடுச்சும்மா.”

“நான் மறைச்சிருந்தா அவங்க கேட்டிருக்கவே மாட்டாங்க அத்தான். பெட்டியை மூடிட்டுப் போயிருப்பாங்க.”

“அதுவும் சரிதான்.” தலையைத் தட்டினார். தூள் பறந்தது. “மணிக்காரரு சாயங்காலம் போன் பண்ணுவாரு. என்ன சொல்றது?”

“மெஷின் காலியா இல்லைன்னு சொல்லுங்க” என்றாள் அவர் பெண்டாட்டி.

“ரொம்ப நாள் பழக்கம்...”

“பழகினவர்னா புரிஞ்சுப்பாரு. போய்க் கறுப்புப் பெயின்ட் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. போற வழியில இந்தப் பலகையை ஓரமா தள்ளிட்டுப் போங்க.”

அவர் பலகையைத் தள்ளிக்கொண்டு போனார். சின்னவள் துளையிடாத உருண்டை ஒன்றை எடுத்துப் பென்சிலால் மூன்று புள்ளி வைத்துப் பெரியவளிடம் நீட்டினாள்.

“அக்கா, இதுக்கு மூணு துளை. சம தூரத்துல.”

பெரியவள் வாங்கிக்கொள்ளவில்லை. மெஷின் பிடியில் கையை வைத்தபடி நின்றாள்.

“மொட்டையா துளைன்னு சொல்லாதே. யாரு இவன்?”

“போரான். சுத்தி மூணு ஃபுளோரின். அதுங்க மூணும் போர்வை இழுக்கறதுல சிவப்பையே தூக்கிச் சாப்பிட்டுடும்.”

“நிக்கறது எப்படி? நீலம் மாதிரி முக்காலியாவா?”

“இல்ல. தட்டை. மேஜை மேல படுத்த மாதிரி. மூணும் ஒரே மட்டத்துல.”

பெரியவள் கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தாள். அவளுடைய இடது கை காற்றில் ஒரு கயிறு, இன்னொரு கயிறு, மூன்றாவது கயிறு என்று மெல்ல இழுத்துப் பார்த்தது.

“மூணு பேர். மூணு பக்கம். எல்லாரும் ஒரே பலம்.”

“ம்.”

“உங்க அத்தானை உக்கார வெச்சா வயிறு மூணு பக்கமும் நசுங்கும். ஆனா ஆளு இருந்த இடத்தை விட்டு நகரமாட்டாரு. சரியா?”

“சரி.”

“அப்ப இவனுக்கும் முகம் கிடையாது.”

“கிடையாதுக்கா.”

“அந்த நீலத்துக்கு உண்டு. அதுல மூணு வெள்ளையும் ஒரு பக்கமா கீழ சாஞ்சு நிக்குது.”

சின்னவள் அதை இன்னும் சொல்லியே கொடுத்திருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

“குடு இப்ப” என்று உருண்டையை வாங்கி, பெரியவள் மெஷினைப் போட்டாள்.